பிரேக்கின் வரலாறு: வாளையார் முதல் டாப் ஸ்டேஷன் வரை

பழைய ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிய வின்ச்சை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் பழுதுபார்ப்பவர், பெரும்பாலும் முதலில் மோட்டாரைத்தான் சோதிக்கிறார். பேட்டரியோடு இணைத்ததும் உருளை சுழன்றுவிட்டால், பாதி வேலை முடிந்ததாகக் கொள்கிறார். கேரள, தமிழக எல்லை மலைகளின் போக்குவரத்து வரலாறோ இதற்கு நேர்மாறான வரிசையைக் கற்பிக்கிறது. வடமும் உருளையும் இம்மலைகளில் செய்த பெரும்பணி, சுமையை மேலே இழுத்தது மட்டுமன்று. மேலிருந்த சுமையை உருண்டோடவிடாமல் கீழே சேர்த்தது. அவ்வகையில் வின்ச்சின் வரலாறு பிரேக்கின் வரலாறே ஆகும்.

இதை விளங்கிக்கொள்ள வாளையாரிலிருந்து தொடங்குவது பொருத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவர் பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் அகன்று வழிவிடுகிறது. சென்னையையும் மலபார்க் கரையையும் இணைத்த இருப்புப்பாதை 1862-இல் இக்கணவாய் வழியே நிறைவுற்றபோது, அதற்கு வடமும் தேவைப்படவில்லை, பல்சட்டமும் தேவைப்படவில்லை. இன்று வாளையார் சோதனைச்சாவடியைக் கடக்கும் லாரிகளுக்கும் அவ்வாறே. ஆனால் கணவாயின் தென்விளிம்பில் நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும் ஆனைமலையும் எழுகின்றன. அவற்றுக்கும் அப்பால் மூணாற்று மலைகள். அங்கு விளைந்த தேக்கும் தேயிலையும் சமவெளியை அடைய, சரிவு என்னும் சிக்கலைத் தீர்த்தாக வேண்டியிருந்தது.

அச்சிக்கலுக்கான அறிவு இப்பகுதியின் கிணற்றடியில் முன்னரே இருந்தது. கொங்கு நாட்டிலும் சித்தூர் வட்டாரத்தின் வறண்ட கிழக்குப் பகுதியிலும் நீர் இறைக்கப் பயன்பட்ட கவலையில், மாடுகள் கிணற்றிலிருந்து விலகி இறக்கமான தடத்தில் நடக்கும். கீழ்நோக்கி நடக்கும் மாட்டின் உடல் எடையே வடக்கயிற்றை இழுக்க, உருளை வழியே நீர்ச்சால் மேலேறும். இறங்கும் எடை ஏறும் எடைக்கு விலை கொடுக்கிறது. இந்த எளிய கணக்கே பின்னர் எஃகு வடத்தோடு மலைக்காட்டில் பெருவடிவம் பெற்றது.

பரம்பிக்குளம் அன்று கொச்சி அரசின் காடு. பாலக்காட்டிலிருந்து அங்குச் செல்லும் சாலை இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழகத்தின் வழியேதான் செல்கிறது. தன் எல்லைக்குள்ளேயே மரத்தைக் கடத்திச் செல்ல விரும்பிய கொச்சி அரசு, பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்கு வனத் தடமொன்றை அமைத்தது. 1907-இல் இயங்கத் தொடங்கிய இந்த ‘கொச்சி அரசு வன டிராம்வே’க்குத் தளவாடங்களை வழங்கியது ஓரன்ஸ்டைன்–கொப்பல் என்னும் ஜெர்மானிய நிறுவனம். சாலக்குடியை வந்தடைந்த மரம், 1902-இல் திறக்கப்பட்ட ஷொர்ணூர்–கொச்சி இருப்புப்பாதை வழியே துறைமுகத்தை நோக்கிச் சென்றது.

சமமான தடத்தில் நீராவி எஞ்சின்கள் வண்டிகளை இழுத்தன. செங்குத்தான சரிவுகளிலோ எஞ்சினுக்கு வேலையில்லை. சரிவின் உச்சியில் பெரிய உருளை; அதில் சுற்றிச் செல்லும் எஃகு வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் வெறும் வண்டி. கனத்த வண்டி இறங்க, வெறும் வண்டி தானாகவே மேலேறும். இழுவிசைக்கு நிலக்கரியோ விறகோ செலவில்லை. வேண்டியதெல்லாம் உச்சியிலிருக்கும் உருளையின் வேகத்தை அடக்கும் பிரேக் ஒன்றே. அது தளர்ந்தால் தேக்குமரத்தின் எடை முழுவதும் கட்டற்ற வேகமாக மாறிவிடும். ஒரு வண்டித் தொடர் பத்திரமாகக் கீழே சேர்வதும் சேராததும், பிரேக் நெம்புகோலைப் பிடித்திருந்த தொழிலாளியின் கையில் இருந்தது.

மூணாற்றுப் பக்கத்தில் இதே சிக்கல் வேறு வடிவம் கொண்டது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. அதில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அதனிடத்தில் இரண்டடி அகலத் தண்டவாளமும் எஞ்சின்களும் வந்தன. தேயிலை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இப்பாதையில் பயணம் செய்தது. டாப் ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நிலம் தமிழகத்தின் பக்கம் சட்டென்று வீழ்கிறது. எந்தத் தண்டவாளமும் இறங்க முடியாத அவ்விடத்தில், தேயிலைப் பெட்டிகள் வான்வழிக் கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூருக்கும், பின்னர்த் தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் சென்றன.

1924 ஜூலையில் பெய்த பெருமழை, மலையாள ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே நினைவுகூரப்படுகிறது. அவ்வெள்ளத்தில் குண்டளை இருப்புப்பாதை அழிந்தது, மீண்டும் கட்டப்படவில்லை. கொச்சி வன டிராம்வே 1963-இல் மூடப்பட்டது. சாலையும் லாரியும் வந்துவிட்ட காலத்தில் இரண்டுக்கும் மறுவாழ்வு கிடைக்கவில்லை. மிஞ்சியவை டாப் ஸ்டேஷனில் சில கட்டுமானச் சிதைவுகளும், பரம்பிக்குளத்துக் காட்டில் சில இரும்பு எச்சங்களும், ஊர்ப்பெயர்களுமே. குரங்கணியிலிருந்து மலையேறுவோர் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சிற்றூரைக் கடந்தே டாப் ஸ்டேஷனை அடைகின்றனர். வடம் போனபின் அதன் நிலையங்கள் ஊர்களாக நிலைத்துவிட்டன.

சொல்லின் வரலாறும் இங்குக் கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் ‘வின்ச்’ என்பது வளைதல், திரும்புதல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து பிறந்து, கயிற்றைச் சுற்றும் உருளைப்பொறியைக் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சு வழக்கில் அச்சொல் பொறியிலிருந்து நழுவி, அப்பொறி இழுக்கும் ஊர்தியின் மீது படிந்துவிட்டது. பழனியில் 1966 முதல் இயங்கும் மின் இழுவை ரயிலை மக்கள் ‘வின்ச்’ என்கின்றனர். ‘வின்ச்சில் ஏறினோம்’ என்பது அங்கு இயல்பான வாக்கியம். நீலகிரியில் கிளென்மார்கனிலிருந்து சிங்காராவிலுள்ள பைக்காரா மின்நிலையத்திற்கு இறங்கும் வடஊர்திக்கும் அதே பெயர்தான். பயணியின் கண்ணுக்குத் தெரிவது பெட்டி. உருளையும் பிரேக்கும் உச்சியிலுள்ள அறைக்குள் மறைந்திருக்கின்றன. காணாத உறுப்பின் பெயர் காணும் உறுப்பிற்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அப்பெயர்வில் பொறியும் அதை இயக்கும் ஆளும் பொதுநினைவிலிருந்து விலகிப் போயினர்.

மலையுச்சியில் நிலைபெற்றிருந்த அந்த உருளை பின்னர் வாகனத்தின் முகப்பிற்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் இராணுவ லாரிகள் பலவற்றில், எஞ்சினின் விசையைக் கொண்டே இயங்கும் வின்ச்கள் பொருத்தப்பட்டிருந்தன. மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது 1947-இல். பொழுதுபோக்கு வாகனங்களுக்கான மின்சார வின்ச்சை அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்தியது. இன்று மலைத்தோட்டங்களின் மண்பாதைகளில் சேற்றில் புதைந்த ஜீப்பை மீட்பது இவ்வகைப் பொறியே. அளவு சுருங்கியது, சிக்கல் மாறவில்லை. சரிவில் தொங்கும் வாகனத்தை இழுத்தபின், விசையை நிறுத்திய கணத்தில் அது நின்றாக வேண்டும்.

பழைய இராணுவ வின்ச்களில் பலவும் வார்ம் கியர் அமைப்புடையவை. அவ்வமைப்பில் மோட்டார் உருளையைச் சுழற்றலாம். உருளையின் சுமை மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றுவது கடினம். சுமையைத் தாங்கும் வேலையின் பெரும்பங்கைப் பல்லமைப்பே ஏற்கிறது. இன்று பரவலாக உள்ள கோள்வகைக் கியர் வின்ச்களில் அந்த இயல்பு இல்லை. ஆகவே தனிப் பிரேக் கட்டாயம். அது பெரும்பாலும் உருளைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சுமையோடு வடத்தை இறக்கும்போது அது உராய்ந்து கடுமையாகச் சூடேறும். எஃகு வடத்தை எடுத்துவிட்டுச் செயற்கை இழைக் கயிற்றைச் சுற்றுவோர் இதை மறந்தால், அடிச்சுற்றுக் கயிறு வெப்பத்தில் இளகிக் கெடும்.

ஆகவே பழைய வின்ச்சைப் புதுப்பிப்பவரின் வேலை வரிசை வரலாற்றின் வரிசையாகவே அமைவது நன்று. கழற்றும் ஒவ்வோர் உறுப்பின் திசையையும் குறித்துக்கொண்டு, கட்டிப்போன கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவியதும், முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கின் உராய்வுப் பரப்பை. தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்; உலர்நிலையில் இயங்கும் வகையானால் அதில் கிரீஸ் படவே கூடாது. அடுத்துப் பல்சக்கரங்கள், பிறகு வடம், இறுதியாகவே மோட்டார். இழை அறுந்தோ முறுக்கேறியோ இருக்கும் எஃகு வடத்தை மீண்டும் சுற்றுவது தகாது. சோதனையும் அவ்வாறே: மிதமான சரிவில், ஓட்டுநர் பிரேக் மிதியருகே காலை வைத்துக் காத்திருக்க, சில அடி பின்னால் சக்கரத்திற்குக் கட்டை இட்டு, வடத்தின் நேர்கோட்டில் எவரும் நில்லாமல், வாகனத்தைச் சற்று மேலே இழுத்து நிறுத்த வேண்டும். ஏறியது தேர்ச்சியாகாது. நின்ற இடத்திலிருந்து வழுக்காமல் இருப்பதே தேர்ச்சி.

எல்லை மலைகளின் போக்குவரத்தைப் பற்றிய எழுத்துகளில் அரசர்களும் தோட்ட நிறுவனங்களும் எஞ்சின்களும் இடம்பெறுகின்றன. தண்டவாளத்தின் நீளமும் திறந்த ஆண்டும் எளிதில் கிடைக்கின்றன. நெம்புகோலைப் பிடித்த கைகளின் அறிவை அத்தகைய குறிப்புகள் தாங்குவதில்லை. எந்த ஒலியில் பிரேக் தளர்கிறது, மழைநாளில் எவ்வளவு முன்பே அழுத்த வேண்டும் என்பன போன்ற அறிவு உடலில் தங்கி, தொழிலோடு மறைவது. முற்றத்தில் பிரிந்து கிடக்கும் பழைய வின்ச் அவ்வறிவின் ஒரு சிறு பகுதியை மீண்டும் கேட்கிறது. பரம்பிக்குளத்தின் சரிவு உச்சியில் நின்ற தொழிலாளி தேக்கு வண்டியை அனுப்புமுன் எதைச் சோதித்திருக்க வேண்டுமோ, அதையே இன்று ஜீப் வின்ச்சைப் பூட்டுபவரும் முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது.