கோரேகாவ் ஆய்வகமும் நரக்யா மரமும்

நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் டோபோடெகான், இரினோடெகான் ஆகிய இரு மருந்துகளும் கேம்ப்டோதெசின் என்ற தாவர ஆல்கலாய்டிலிருந்து வந்தவை. சீனாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு மரத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1966-இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்களில் முதன்மையானோர் அமெரிக்காவில் பணியாற்றிய மன்ரோ வாலும் மன்சுக் வானியும். வானி மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்தவர். வேதியியல் படித்தது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில். மற்றொரு புற்றுநோய் மருந்தான டாக்சாலின் அமைப்பை 1971-இல் வெளியிட்ட குழுவிலும் இவ்விருவரும் இருந்தனர். ஒரே கூட்டணிக்கு இரண்டு பெரும் புற்றுநோய் மருந்துகள் கிட்டியது அபூர்வம்.

கேம்ப்டோதெசின் கதையில் பம்பாய்க்கு நேரடிப் பங்கும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. பம்பாயின் புறநகரான கோரேகாவில் சீபா மருந்து நிறுவனம் 1963-இல் திறந்த ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநராக வந்தவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் என். விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தை ஆராய்ந்து, அதே ஆல்கலாய்டு அதில் தாராளமாக இருப்பதை 1972-இல் அறிவித்தனர். மராத்தியில் அதற்கு நரக்யா என்று பெயர். நாற்றத்துக்குப் பேர்போன மரம்.

கண்டுபிடித்தவுடன் மருந்து கைக்கு வந்துவிடவில்லை. கேம்ப்டோதெசின் நீரில் கரையாது. கரைய வைப்பதற்காக அதைச் சோடியம் உப்பாக மாற்றினார்கள். அப்போது மூலக்கூறின் ஒரு வளையம் திறந்து, வீரியமும் போயிற்று. நோயாளிகளின் சிறுநீர்ப்பையும் புண்ணானது. 1970-களில் சோதனைகள் நின்றன. முறுக்கேறிய கயிறுபோன்ற டி.என்.ஏ.வை வெட்டித் தளர்த்தி மீண்டும் ஒட்டும் ஒரு நொதியை, வெட்டிய நிலையிலேயே கேம்ப்டோதெசின் பூட்டிவிடுகிறது என்று 1985-இல் தெரிந்த பிறகே ஆர்வம் திரும்பியது. வளையம் கெடாமல் நீரில் கரையும் வழித்தோன்றல்கள் பிறந்தன. இரினோடெகானுக்கு ஜப்பானில் 1994-இல் அனுமதி கிடைத்தது; மீண்டும் தலைதூக்கிய சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு டோபோடெகானை அமெரிக்கா 1998-இல் ஏற்றது. இவை பெரும்பாலும் நோயைத் தள்ளிப்போடும் மருந்துகள். முற்றாகக் குணப்படுத்தும் என்று சொல்வது மிகை.

இந்த மருந்துகளின் சந்தைக்கு விலை கொடுத்தது நரக்யா. மகாராஷ்டிரம் முதல் கேரளம் வரை காடுகளில் அதை வேரோடு வெட்டிச் சாய்த்து, கட்டையாகவும் சாறாகவும் ஏற்றுமதி செய்தார்கள். ஆய்வகத்தில் முழுக்கச் செயற்கையாகத் தயாரிக்க வழி இருந்தும் அது கட்டுப்படியாகாததால், கேம்ப்டோதெசின் இன்றும் பெரும்பாலும் மரங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது.