ஆல்கால் மங்கும் இரவு

1782ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற 18 வயது இளைஞர் பெர்சியஸ் குழுவிலுள்ள ஆல்கால் என்னும் விண்மீனைப் பார்த்துத் திகைத்தார். அது வழக்கத்தைவிட மங்கிக் கிடந்தது. தம் கண்ணில்தான் கோளாறோ என்றுகூட ஐயுற்றார்.

குட்ரிக் குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்தவர். அண்டை வீட்டாரும் வானியல் ஆர்வலருமான எட்வர்டு பிகாட் அவருக்குத் துணையாக இருந்தார். ஆல்காலின் ஒளி குறைவதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இத்தாலியரான மோன்டனாரி கண்டிருந்தார். ஆனால் அது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழ்வது என்று அவர் அறியவில்லை. குட்ரிக் தெளிவான இரவுகளிலெல்லாம் ஆல்காலை அருகிலுள்ள விண்மீன்களுடன் ஒப்பிட்டு, நேரத்தையும் குறித்துவந்தார். இப்படி ஒப்பிடுவதற்குக் கண்ணே போதும். 1783இல் கணக்கு பிடிபட்டது: ஏறத்தாழ 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை ஆல்கால் மங்குகிறது, சுமார் 10 மணி நேரத்துக்குள் மங்கி மீள்கிறது.

காரணம் என்ன? பெரிய பொருள் ஒன்று அதைச் சுற்றிவந்து நம் பார்வையை மறைக்கலாம். அல்லது ஆல்காலின் ஒரு பக்கத்தில் கறைகள் இருந்து, அது சுழலும்போது அப்பக்கம் நம்மை நோக்கலாம் என்று இரண்டு விளக்கங்களை அவர் முன்வைத்தார். ராயல் சங்கம் அவ்வாண்டே அவருக்குக் காப்ளே பதக்கம் அளித்தது. ஆனால் எது சரி என்று சொல்ல அன்றைய இயற்பியலிடம் கருவி இல்லை. 1786இல், 21 வயதில், விடை தெரியாமலே குட்ரிக் மறைந்தார்.

விடை 1889இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் கிடைத்தது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அத்தகைய மாற்றம் உண்டு. ஆல்காலின் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்த ஹெர்மன் ஃபோகல், மங்குவதற்கு முன் அது நம்மைவிட்டு விலகுவதையும், மங்கி மீண்டபின் நெருங்குவதையும் கண்டார். கறைகள் இருந்தால் மட்டும் இவ்வாறு நேராது. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அத்துணை முற்றிலும் இருண்டதன்று, ஒளி குறைந்த இன்னொரு விண்மீனே என்பது பின்னர் தெரியவந்தது.

மார்கழி முன்னிரவில், கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குச் சற்று வடமேற்கே ஆல்காலைப் பார்க்கலாம். இன்று இரவு 11 மணிக்கு அது மிகவும் மங்கியிருந்தால், மூன்று நாள் கழித்து இரவு 7 மணி 49 நிமிடத்துக்கு மீண்டும் அவ்வாறு மங்கும். அதற்கடுத்த முறை மாலை 4 மணி 38 நிமிடம். அப்போது வானில் சூரியன் இருக்கும்.