பதனிட்ட தோலும் பாலாற்று நீரும்

பெரிய காஞ்சிபுரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலும் அக்கோயிலும் ஒரே குளத்தைப் பகிர்ந்துகொண்டவை என்பது, அவ்வூரைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் செய்தி. நம்மவர்களும் அதைப் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு. பெருமைக்குரியதே. ஆயினும் அந்த ஊருக்கும் நம் சமுதாயத்துக்கும் நீரின் வழியாக மற்றோர் உறவும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பேசுவதற்குச் சற்றுச் சங்கடமானதும்கூட.

ஊருக்குத் தெற்கே, ஓரிக்கை அருகே, பாலாறு கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மணல்தான் கண்ணுக்குத் தெரியும். நீர் மணலுக்கடியில் ஓடும். அந்த ஊற்றை நம்பியே கரையோர ஊர்கள் காலங்காலமாக வாழ்ந்துவந்துள்ளன. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்துக்குள் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, காஞ்சியை அடைவதற்கு முன் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் ஓரமாக வருகிறது. இப்பெயர்களைக் கேட்டதும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நினைவில் எழுபவை இரண்டு: ஒன்று பிரியாணி, மற்றொன்று தோல். பிரியாணியைப் பற்றி எழுத ஆள் பலர் உண்டு. இங்கே பேச வந்தது தோலை.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு இறந்து கிடந்த நிகழ்ச்சியை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். இறந்ததை உண்பதுதான் விலக்கப்பட்டது என்றும் விளக்கினார்கள். பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்னும் சட்டத்தை ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் அறிஞர்கள் இத்தகைய நபிமொழிகளிலிருந்தே வகுத்தனர். அழுகி வீணாகவேண்டிய ஒன்றை மனிதனுக்குப் பயன்படும் பொருளாக மாற்றுவதற்கு மார்க்கம் அளித்த ஒப்புதல் அது. தோல் தொழிலில் இறங்கிய நம் முன்னோருக்கு அத்தொழிலில் இழிவு தோன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வேதியியல் என்றாலே கூஃபாவின் ஜாபிர் இப்னு ஹய்யானிடம் ஓடிப்போவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். அவர் பெயரில் வழங்கும் நூல்களில் தோலுக்குச் சாயமேற்றும் முறைகளும் சொல்லப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தப் புகழைப் பேசும் அளவுக்கு, நம் தாத்தாக்கள் நடத்திய வேதியியலைப் பற்றி நாம் பேசியதில்லை.

அந்த வேதியியல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தொடங்கியது. உரோமம் களைவதற்குச் சுண்ணாம்புக் குழி, பதப்படுத்துவதற்குப் பட்டை ஊறிய குழி என்று வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அரைப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பெரியமேட்டின் தோல் மண்டிகள் அவ்வாறுதான் செழித்தன. அச்செல்வம் எங்கே போயிற்று என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் எழுந்தது. மேல்விஷாரத்தின் தோல் வணிகரான சி. அப்துல் ஹக்கீம் சாஹிப், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே பயணிகள் தங்குவதற்குச் சித்தீக் சராயைக் கட்டினார். அவர் பெயரிலேயே மேல்விஷாரத்தில் 1965-இல் ஒரு கல்லூரி தோன்றியது. திருச்சியில் 1951-இல் நிறுவப்பட்ட கல்லூரிக்குப் பெயரான ஜமால் முஹம்மது சாஹிபும் தோல் வணிகரே. நம்மில் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி இந்தக் கல்லூரிகளில் ஒன்றில் படித்தவராக இருப்பார். அந்தப் படிப்புக்கு அடியில் ஒரு பட்டைக் குழி இருக்கிறது. அக்குழியில் இடுப்பளவு நீரில் நின்றவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பட்டைக் குழியின் கழிவு நாறும். ஆனால் அதில் பெரும்பங்கு மட்கிப்போகக்கூடியது. நிலைமை மாறியது குரோமியம் வந்த பிறகு. குரோமியம் உப்பில் தோலைப் பதனிட்டால் வாரக்கணக்கான வேலை ஓரிரு நாட்களில் முடியும். தோல் மென்மையாகவும் வெப்பம் தாங்குவதாகவும் அமையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்முறை சென்னைக்கு வந்துவிட்டது. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே ஒரு குரோம் தோல் ஆலையின் நினைவுதான். ஆயினும் பாலாற்றங்கரையில் அது பெருகியது 1970களுக்குப் பிறகு. அரைப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மைய அரசு அப்போது கட்டுப்படுத்தியது. முழுதும் முடித்த தோலையும் காலணியையும் விற்றால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. கணக்கு தவறவில்லை. கழிவுநீர் எங்கே போகும் என்பதுதான் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

வழக்கமான முறையில், தொட்டியில் இடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் உறிஞ்சுகிறது. எஞ்சியது நீரோடு வெளியேறும். அதைவிடப் பெருந்தொல்லை உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்குச் சமையல் உப்பைத் தூவுவார்கள். ஆலையில் முதல் வேலை அதைக் கழுவுவது. குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழியுண்டு. கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பு எதற்கும் அடங்காது. அது மணலுக்கடியில் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும்.

கிணறுகள் உவர்த்தன. தென்னையும் நெல்லும் பட்டுப்போயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, இன்றும் இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் கடந்துபோக முடியாத தீர்ப்பு. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போயிற்று என்பதும் அதில் பதிவாயின. மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்த வேண்டும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் இரு கொள்கைகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்நீதிமன்றம் அறிவித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி செய்யாதவை மூடப்பட வேண்டும். தீர்ப்பில் பெயர் குறிக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களுள் அன்று காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று.

நம் ஊர்களில் அத்தீர்ப்பு ஒரு சமுதாயத்தின்மீது விழுந்த அடியாகவே பேசப்பட்டது. அந்த வருத்தத்தில் உண்மை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ராணிப்பேட்டையில் அரசின் பங்கோடு தொடங்கிய ஒரு குரோமேட் ஆலை 1995-இல் மூடப்பட்டபோது ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. அதைப் பேசுவோர் குறைவு. ஆனால் தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்னும் நபிமொழியை அடிப்படைச் சட்ட விதியாகக் கொண்ட ஒரு சமுதாயத்துக்கு, மாசுபடுத்தியவர் ஈடு செய்ய வேண்டும் என்பது புதுமையாகத் தோன்றியிருக்கக் கூடாது. இடைக்கால முஸ்லிம் நகரங்களில் சந்தையையும் தெருவையும் கண்காணித்த முஹ்தஸிபின் பொறுப்புகளுள், தொழிலின் புகையும் நாற்றமும் அண்டை வீட்டாரை வருத்தாமல் பார்த்துக்கொள்வதும் ஒன்று.

இனி, சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வருவோம். ஆந்திர உழவர் குடும்பத்தில் 1922-இல் பிறந்த எலவர்த்தி நாயுடம்மா 1958-இல் அதன் இயக்குநரானார். ஆய்வகத்தையும் பதனிடுபவரின் பட்டறையையும் ஒன்றோடொன்று பேசவைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்தில் குண்டுவெடிப்பில் சிதைந்த கனிஷ்கா விமானத்தில் அவரும் இருந்தார். (அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: தோலின் அடிப்படைப் புரதமாகிய கொலாஜனின் முப்புரி வடிவத்தை ஜி. என். இராமச்சந்திரன் 1950களில் கண்டறிந்ததும் சென்னையில்தான். ஆய்வுக்கு மாதிரிகள் கிடைத்தது இந்நிலையத்திலிருந்து.)

தீர்ப்பின் காலத்தில் ஆலைகளுக்குக் கைகொடுத்த முறைகள் பல இந்நிலையத்தவர் உருவாக்கியவை அல்லது பரப்பியவை. குரோமியக் கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் அடியில் படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடப் பயன்படும். ஆற்றுக்குப் போனது தொட்டிக்கே திரும்பும். மேல்விஷாரத்தில் தோலிலிருந்து சீவியெடுத்த சதையையும் சுத்திகரிப்பில் சேரும் சேற்றையும் நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்துக் காட்டினார்கள். அண்மைக் காலத்தில் வந்தது நீரின்றிக் குரோம் பதனிடும் முறை. வழக்கமாகத் தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிறகே குரோமியத்தை ஏற்றுவார்கள். புதிய முறையில் அந்த ஊறலே தேவையில்லை. பதனிடும் கட்டத்தில் நீரும் மிச்சம், உப்பும் மிச்சம்; குரோமியமும் பெரும்பாலும் தோலுக்குள்ளேயே தங்கிவிடும்.

இதற்கிடையே ஆற்றங்கரை ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சொட்டு நீரும் வெளியேறலாகாது என்ற விதி பின்னர் வந்தது. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து, எஞ்சியதைக் கொதிகலனில் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். செலவு மிகுதி, எரிபொருள் மிகுதி. கடைசியில் கிடைக்கும் உப்போ பல உப்புகளின் கலவை, வாங்குவாரில்லை. நிலையங்களின் கொட்டகைகளில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆற்றுக்குள் போகாமல் தடுத்தாயிற்று. கூரைக்கடியில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

முறை இருந்தும் மனிதர் தவறினால் என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை கண்டது. கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உப்புநீரால் நிலம் இழந்தவர்களின் கணக்கும் முடியவில்லை. 1996 தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் இழப்பீட்டை வரையறுத்த பின்னும் பலருக்குப் பணம் முழுமையாகச் சேரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஃபிக்ஹு நூல்களின் முதல் பாடமே தண்ணீர்தான். நீரின் நிறம், சுவை, வாசனை ஆகியவற்றில் மாற்றம் நேர்ந்ததா என்று பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். குரோமியமும் உப்பும் கலந்த கிணற்று நீரில் ஒளு நிறைவேறுமா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆலிம்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அக்கேள்வி நம் பள்ளிவாசல்களில் இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை.

காஞ்சிபுரத்தார் இதைப் படித்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பசை. அதைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிக் களைந்து, பிறகு சாயமேற்றுகிறார்கள். அந்த நீரும் எங்கோ போகத்தான் செய்கிறது. ஊரை ஒட்டிய வேகவதி அதற்குச் சாட்சி.

நம் வீடுகளோ எந்த ஊரிலிருந்தாலும் ஆண்டுக்கொருமுறை இவ்வரலாற்றில் பங்கேற்கின்றன. ஹஜ்ஜுப் பெருநாள் முற்பகலில் குர்பானித் தோல்கள் மதரஸா முற்றத்தில் வந்து குவியும். மாலைக்குள் உப்பிட்டாக வேண்டும் என்று இளைஞர்கள் மூட்டைகளை அவிழ்ப்பார்கள். ஆலையில் நனைப்பதற்கு முன் அந்தத் தோலை நன்றாக உதறினாலே, ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கு நீருக்குள் போகாமல் கையோடு நின்றுவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். உப்பைக் குறைத்தும் தவிர்த்தும் தோலைக் காக்கும் வழிகளை அவர்கள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.