ஆமணக்குக் கருவூணில் செல் இறப்பு

ஆமணக்கு விதை முளைக்கும்போது, அதன் கருவூண் செல்கள் சேமிப்பு முழுவதையும் நாற்றுக்குக் கொடுத்தபின், தம்மையே நொதிகளால் செரித்து அழியும் நிகழ்வு. தாவரங்களில் நடக்கும் திட்டமிட்ட செல் இறப்புக்கு நன்கு ஆராயப்பட்ட சான்றுகளுள் ஒன்று.

கொட்டைமுத்து என்றும் வழங்கும் ஆமணக்கு மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிர். வித்திலைகள் மண்ணுக்கு மேலே பசுமை கொள்ளும்வரை நாற்றுக்குக் கருவூணே உணவு.

விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். முதலில் லைப்பேஸ் நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. கிளையாக்ஸிசோம் என்னும் நுண்ணுறுப்பின் நொதிகள் அவற்றைச் சர்க்கரையாகும் வழியில் செலுத்துகின்றன. கொழுப்பு சர்க்கரையாவதற்கான இவ்வழியை ஆமணக்கில் கார்ன்பெர்க்கும் பீவர்ஸும் 1957இல் விளக்கினர். அந்நுண்ணுறுப்பைப் பிரைடன்பாக்கும் பீவர்ஸும் 1967இல் பிரித்தெடுத்தனர். சேமிப்புப் புரதங்களும் அமினோ அமிலங்களாகி வித்திலைகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

பின்னர்தான் செல்லின் முறை. விலங்குகளில் இறக்கும் செல்லை அண்டைச் செல்கள் விழுங்கிவிடும். தாவரச் செல்லைச் சுவர் அடைத்திருப்பதால் அதற்கு வழியில்லை. தன்னை அழிக்கும் கருவியை அதுவே முன்கூட்டி ஆக்கி வைக்க வேண்டும். ஆமணக்கில் அக்கருவி, ரிசினோசோம் என்னும் பை. எண்டோபிளாச வலையிலிருந்து பிரியும் இப்பையில், புரதம் அறுக்கும் சிஸ்டீன் எண்டோபெப்டிடேஸ் செயலற்ற முன்வடிவில் அடைபட்டிருக்கும். லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லியூசின் என்ற நான்கு அமினோ அமிலங்களால் ஆன வால் அந்நொதியின் அடையாளம். செல்லின் நுண்குமிழ் உடைந்து சைட்டோபிளாசம் அமிலத்தன்மை அடையும்போது பைகள் திறக்கின்றன. முன்வடிவு வெட்டுண்டு வாலும் நீங்கி நொதி விழிக்கிறது. இறக்கும் செல்லில் உட்கரு டி.என்.ஏ.வும் துண்டாகிறது. ரிசினோசோமுக்கும் செல் இறப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஷ்மிட், சிம்ப்சன், கீட்ல் ஆகியோர் 1999இல் வெளியிட்டனர்.

நொதியின் செயல்மையப் பள்ளம் அகலமானது. ஆகவே பிற புரத நொதிகளுக்கு எளிதில் வசப்படாத, ஹைட்ராக்ஸிபுரோலின் மிகுந்த சுவர்ப்புரதமான எக்ஸ்டென்சினையும் அது அறுக்கவல்லது. செல்லின் உள்ளடக்கத்தோடு சுவரின் புரதமும் வீணாகாமல் நாற்றுக்கு உதவுவது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. மிஞ்சுவது வித்திலைகளில் ஒட்டிய காகிதம் போன்ற படலம் மட்டுமே.

இதே வால்கொண்ட நொதி உளுந்தின் முளைக்கும் வித்திலைகளிலும் உண்டு. அங்கே அது நுண்குமிழுக்குச் சென்று சேமிப்புப் புரதத்தைச் செரிக்கிறது.