இரங்கூன் அரிசி வணிகமும் சேமிப்புத் தானியப் பூச்சிகளும்: உமி, புழுக்கல், களஞ்சியம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

யாங்கோன் நகரின் பபேடான் வட்டாரம், பர்மிய மொழியில் கொல்லர் தெரு எனப் பொருள்படும் பெயரைக் கொண்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் முகல் தெரு என வழங்கிய இன்றைய ஷ்வே போந்தா தெரு இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் அங்கே நிறைந்திருந்தன. பர்மாத் தமிழர் வரலாறு பெரும்பாலும் கடன், நிலம், புலம்பெயர்வு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அக்கடனுக்கும் நிலத்துக்கும் அடிப்படையான நெல்மணி, களத்துக்கும் உலைக்கும் இடையில் எவ்வாறு காக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. மணியின் உறையைக் காப்பதும், உறை நீங்கிய இடத்தில் மாற்று உறை அமைப்பதுமே தானியச் சேமிப்பின் அடிப்படை நெறி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பூச்சியும் உமியும்

சேமித்த அரிசியை அழிக்கும் பூச்சிகளுள் முதன்மையானது கூன்வண்டு. இதனை 1763-இல் லின்னேயசு அறிவியல் முறைப்படி விவரித்தார். பெண்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் துளையிட்டு முட்டையிட்டு, பசை போன்ற பொருளால் துளையை மூடிவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிப்படும். வெப்பநாடுகளில் இச்சுழற்சி ஏறத்தாழ ஐந்து வாரங்களில் நிறைவுறும். எனவே, வண்டு கண்ணுக்குப் புலப்படும் வேளையில் சேதம் உள்ளே முற்றியிருக்கும். உமி பிளவுபடாத நெல்லில் கூன்வண்டு எளிதில் நுழைவதில்லை. எனினும் அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும் நெல்லையும் தாக்க வல்லவை. ஆகவே உமி வலிய காவலேயன்றி முழுமையான காவல் அன்று.

கப்பலேறிய அரிசி

1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பின் ஐராவதிக் கழிமுகம் வயலாயிற்று. 1850-களின் நடுவில் ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கராக இருந்த நெற்பரப்பு, 1930-களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. காடு திருத்துவதற்கான பணத்தின் பெரும்பகுதி செட்டியார் கடனாக வந்தது. ஆலைகளிலும் துறைமுகத்திலும் தெலுங்கரும் தமிழரும் உழைத்தனர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

சூயசு கால்வாய் 1869-இல் திறக்கப்படும்வரை, ஐரோப்பாவுக்குச் செல்லும் பாய்மரக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்தன. தீட்டிய வெள்ளை அரிசி அப்பயணத்தில் வெப்பமேறிக் கெடும். பூச்சி பெருகுவதாலும் குவியல் சூடேறும். ஆகையால் உமி நீக்கிய தீட்டாத அரிசியுடன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நெல்லைக் கலந்து அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது. இது கார்கோ அரிசி எனப்பட்டது. இலண்டன், பிரேமன் முதலிய நகரங்களின் ஆலைகள் அதனைத் தீட்டி முடித்தன. நீராவிக் கப்பலும் கால்வாயும் பயண நாள்களைக் குறைத்த பின்னரே இரங்கூனிலிருந்து வெள்ளை அரிசி ஏற்றுமதி வளர்ந்தது. உறையை எங்கே நீக்குவது என்பதே ஆலை எங்கே அமைவது என்பதையும் ஓரளவு தீர்மானித்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சென்ற சரக்கில் புழுங்கலரிசி பேரிடம் பெற்றது. அவிக்கும் வெப்பம் மணியினுள் இருக்கும் முட்டையையும் புழுவையும் அழிக்கிறது. மாவுச்சத்து இறுகி மணி கடினமாகிறது. உமி போன பின்னும் ஒருவகைக் காவல் எஞ்சுகிறது. தமிழரின் உணவுவழக்கம் சேமிப்பு உத்தியாகவும் விளங்கியமைக்கு இது சான்று.

தமிழகக் களஞ்சியங்கள்

பெரும்பாணாற்றுப்படை ஏணி எட்டாத உயரமுடைய நெற்கூடுகளைக் காட்டுகிறது. மண்ணால் வனைந்த குதிர், மரத்தாலான பத்தாயம், வைக்கோற்புரியால் சுற்றிய சேர், கரிசல் நிலத்துக் குலுக்கை, விதைநெல்லுக்குரிய கோட்டை என இம்மரபு விரிகிறது. வேப்பிலை, நொச்சி, வசம்பு ஆகியவை தானியத்துடன் இடப்பட்டன. துவரைக்குச் செம்மண் பூச்சு உமிபோல் அமைந்தது. கொங்கு நாட்டில் சோளத்தைக் குழியிலிட்டு மூடினர். மூடிய குழியில் தானியமும் பூச்சியும் உயிர்க்காற்றைச் செலவழிக்க, பூச்சி மடிகிறது. இன்றைய காற்றுப்புகாப் பைகளின் தத்துவமும் இதுவே.

மக்காச்சோளம்

இன்று மியன்மாரின் சான் மாநிலத்திலும் தமிழகத்திலும் மக்காச்சோளம் பெருகியுள்ளது. இதன் மணிக்குத் தனியுமி இல்லை. கதிரைப் போர்த்தும் மடலே காவல். மடலின் நுனி இறுக மூடாத கதிரில் வண்டு வயலிலேயே ஏறிவிடும். மணிகளை உதிர்த்துவிட்டால் அக்காவலும் இல்லை. ஆகவே ஈரப்பதத்தை 12 விழுக்காட்டளவுக்குக் குறைத்தல், பழைய சாக்கையும் கிடங்கையும் தூய்மை செய்தல், புதிய தானியத்தைப் பழையதுடன் கலவாமை ஆகியவை முதல் தேவைகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி, வண்டுகளைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கிறது.

பாசுபீன் நச்சுப்புகை வல்லுநர் கையாள வேண்டியது; வசிப்பிடத்தில் உயிர்க்கொல்லியாகும். அரைகுறையாக மூடிப் புகையிட்டதால் பல நாடுகளில் பூச்சிகள் எதிர்ப்புத்திறன் பெற்றமையை 1972–73-ஆம் ஆண்டுகளில் உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய உலக ஆய்வு வெளிப்படுத்தியது. மூடல் சரியில்லாத இடத்தில் நஞ்சும் பயன் தருவதில்லை.

முடிவுரை

1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இரங்கூன் அரிசி இந்தியாவுக்கு வருவது நின்றது. கழிமுகத்தில் வாங்குவோரின்றி நெல் தேங்க, இக்கரையில் பஞ்சமும் பங்கீடும் நேர்ந்தன. விளைச்சல் மட்டும் உணவாகிவிடுவதில்லை. அது உண்போரை அடையும்வரை கெடாதிருக்க வேண்டும் என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின. உளுத்தல், அந்து, குதிர், குலுக்கை போன்ற சொற்கள் அந்த அறிவின் பதிவுகள். குதிர்கள் மறைந்து வரும் தமிழக ஊர்களிலும், மூத்த தலைமுறை குறைந்து வரும் மியன்மார்த் தமிழரிடையிலும் இச்சொற்களைச் செய்முறை விளக்கத்துடன் தொகுப்பது, மொழியாய்வுக்கும் வேளாண்மைக்கும் ஒருங்கே பயன்தரும் பணியாகும்.