தேநீரும் உடல்நலமும்

தேநீர்: கமேலியா சினென்சிஸ் என்னும் செடியின் கொழுந்தைப் பதப்படுத்தி, வெந்நீரில் சாறு இறக்கிப் பருகும் பானம். பேச்சு வழக்கில் டீ. இதிலுள்ள ‘தே’ சீனத்தின் ஃபூஜியன் கரையோரப் பேச்சிலிருந்து வந்தது. தேனுக்கும் இதற்கும் உறவில்லை. ஆகவே தேனை விலக்கும் சமணர் வீட்டில் தேநீர் கொதிப்பதில் முரண் ஏதுமில்லை.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரில்தான் தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. நெல்லும் மல்லாட்டையும் விளையும் இந்த வட்டாரத்தில் தேயிலை விளைவதில்லை. நீலகிரி போன்ற மலைப் பகுதிகளிலிருந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் இலையாக அல்ல, ‘டஸ்ட்’ எனப்படும் தூளாக. சாயம் விரைவில் இறங்கும், பாலைத் தாங்கும் என்பதால் கடைக்காரர்கள் விரும்புவது தூளைத்தான்.

தேநீரின் நன்மைகளாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பங்கு அதிலுள்ள பாலிஃபீனால்களைச் சார்ந்தது. பச்சைத் தேயிலையில் அவற்றுள் கேட்டகின்கள் மிகுதி. கறுப்புத் தேயிலையில் அவை தயாரிப்பின்போது காற்றுடன் வினைபுரிந்து தியாஃபிளேவின், தியாரூபிஜின் என மாறுகின்றன. டீயின் செம்பழுப்பு நிறமும் துவர்ப்பும் இவற்றால் வருபவை. பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தோரிடம் இறப்பு விகிதம், குடிக்காதோரைவிட 9 முதல் 13 சதவீதம் வரை குறைவாக இருந்தது. பால் சேர்த்தாலும் இது மாறவில்லை. ஆனால் 2007இல் பெர்லினில் 16 பெண்களிடம் நடந்த சோதனையில், வெறும் டீ இரத்தக் குழாய்களைத் தளர்த்தியது. பால் கலந்ததும் அந்தப் பயன் காணாமல் போனது. பாலின் கேசீன் புரதம் கேட்டகின்களைப் பிடித்துக்கொள்வதே காரணம் என்றார்கள். இரண்டில் முதலாவது பெரிது. ஆனால் அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. டீயை மருந்தாக்கிப் பேச இவை போதா.

கடை டீயில் கவலைப்பட வேண்டியது பாலைவிடச் சர்க்கரை. மாஸ்டர் முதலில் கிளாஸில் சர்க்கரையைப் போட்டுவிடுவார். துணி வடிகட்டியிலிருந்து டிக்காஷன், மேலே பாய்லர் பால், பிறகு ஒரு ஆற்று. ‘சர்க்கரை கம்மி’ என்று முன்கூட்டியே சொல்லாதவருக்கு இரண்டு ஸ்பூன், அதாவது 10 கிராம் அளவுக்கு உள்ளே போய்விடுகிறது. நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டீயிலேயே அது தாண்டிவிடும்.

ஆற்றுவது நுரைக்காக மட்டுமல்ல, சூடும் தணிகிறது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் டீயின் மேல் அல்ல, சூட்டின் மேல். களைபறிக்கும் இடத்துக்குப் பார்சல் வாங்குவோருக்குத் தூக்குவாளிதான் சரி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு.

தூளில் செயற்கைச் சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளின் மேல் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தாள் நனைந்ததும் தூளைத் தட்டிவிட்டு, தாளைக் கழுவி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நல்ல தூள் என்றால் கறை பெரிதாக இருக்காது. கலப்படத் தூள் உடனே கருமையாகச் சாயம் விடும்.

இந்த வட்டாரத்துக்கு மிக முக்கியமான செய்தி இரும்புச்சத்து பற்றியது. கீரை, பயறு, தானியங்களிலுள்ள இரும்பை டீயின் டானின்கள் பிடித்துக்கொள்வதால் குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. சோற்றையும் வைத்துச் சோதித்த 1975ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தாவர உணவை நம்பியிருப்போர் சாப்பாட்டோடு டீ குடிப்பது இரும்புக் குறைபாட்டுக்கு வழிவகுக்கலாம் என்றது. புலால் அறவே விலக்கிய சமணக் குடும்பங்களுக்கு உணவிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் இந்த வகை இரும்புதான். சமணர் என்றில்லை, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இட்லியோடு டீ என்ற பழக்கத்தை முதலில் விட வேண்டியவர்கள் இவர்களே.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்கின்றன ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டுதல்கள். இருட்டிய பின் உண்பதில்லை என்ற சமண நியமத்தைக் காப்போருக்கு இரவு டீயால் தூக்கம் கெடும் தொல்லை இல்லை. ஆனால் சாயங்கால டீயும் சாப்பாடும் அவர்களுக்கு நெருங்கி வந்துவிடுகின்றன. மார்கழியில் பொழுது ஆறு மணியளவிலேயே சாய்கிறது. ஐந்தரைக்கு இலை போடும் வீட்டில் நாலரைக்குள் டீ முடிந்திருக்க வேண்டும்.