மூன்று நிமிடத்தில் ஒரு பாசுரம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். மார்கழி விடியலில் இவ்வட்டாரத்தில் இரண்டு திருப்பாவைகள் ஒலிக்கின்றன. ஒன்று, ஆண்டாள் சந்நிதியில் கோஷ்டியார் சேவிப்பது. மற்றொன்று, தெருமுனைக் கோயில்களின் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருவது. முன்னது தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வந்தது. பின்னது ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது. நம்மில் பலர் 'திருப்பாவை' என்றதும் நினைவுகூர்வது இந்த இரண்டாவதைத்தான்.

இந்தியாவில் முறையான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. பிரெட் கெய்ஸ்பர்க் வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அன்று மைக் கிடையாது. பாடுபவர் ஒரு தகரப் புனலுக்குள் முகம் கொடுத்துப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லிய குரல் பதியாது. உரத்த வாத்தியம் குரலை விழுங்கிவிடும். நடுவில் பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து பாட வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து பழகிய வித்வான்கள் அதைச் சில நொடிகளுக்குள் மடக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1925இல் மின்முறைப் பதிவு வந்தது. மைக்கின் முன்னே மெதுவாகப் பாடினாலும் போதும் என்றாயிற்று. பின்னர் காந்த நாடா வந்தது; நன்றாக அமைந்த பகுதிகளை வெட்டி ஒட்ட முடிந்தது. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நீண்ட நேர இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது.

எட்டடிப் பாசுரம் இந்த அளவுகளுக்கெல்லாம் தானே பொருந்தியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். முதல் ஐந்துக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கன ராகங்களையே வரிசையாக வைத்தார். தியாகராஜரின் பஞ்சரத்ன வரிசையும் இதுவே. எம்.எல்.வசந்தகுமாரி (1928-1990) அந்த மெட்டுகளில் பாடிய திருப்பாவை இசைத்தட்டாக வந்து வீடுகளுக்குள் புகுந்தது. வானொலியும், எழுபதுகளுக்குப் பின் கேசட்டும், ஊர்தோறும் இருந்த மைக் செட்காரர்களும் இவ்வகைப் பதிவுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். கச்சேரிக்குப் போக வாய்க்காதவர்களும், சந்நிதிக்குள் போகத் தயங்கியவர்களும் இப்படித்தான் ஆண்டாளைக் கேட்டார்கள். இது சிறிய காரியமல்ல.

ஆனால் தட்டுக்குள் அடங்காத ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அது அரையர் சேவை. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என விரல்விட்டு எண்ணத்தக்க தலங்களிலேயே இன்று எஞ்சியிருப்பது. அரையர் கையில் தாளம் ஏந்திப் பாசுரத்தை இசைப்பார், அபிநயம் பிடிப்பார், பின்பு தம்பிரான்படி என்னும் வியாக்கியானத்தையும் சொல்வார். பாட்டும் கூத்தும் உரையும் ஒன்றாகப் பின்னிய கலை அது. மூன்று நிமிடக் கணக்கு அதற்கு ஒத்துவராது. நின்று பாடுவதற்கு மட்டுமே இடமிருந்த மைக்கின் முன் அடியெடுத்து வைக்கவும் முடியாது. குரலைத் தனியே பிரித்தெடுத்தால், எஞ்சுவது பாதிதான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பிற்காலக் கூடங்களில் சுவர்களுக்கெல்லாம் ஒலியுறிஞ்சும் பலகை அடித்து, எதிரொலியே இல்லாமல் குரலைப் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிந்த குரல் வறண்டு ஒலிக்கும். ஆகவே, அதிரும் உலோகத் தகடுகளாலும், பின்னர் மின்னணுக் கருவிகளாலும் செயற்கையாக எதிரொலி சேர்த்தார்கள். பக்திப் பாடலென்றால் கொஞ்சம் தாராளமாகவே. கோயில் மண்டபத்தைக் கருவியால் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், உண்மையான கல்மண்டபத்தில் ஒலித்த குரலைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்தவில்லை.

பதிவானதுதான் மரபு என்று காது பழகிவிடுகிறது. நாட்டையில் பாடாவிட்டால் அது முதல் பாசுரமே அல்ல என்று தோன்றுகிறது. அரியக்குடியின் மேதைமைக்கு அது சான்று. நம் காதின் சோம்பலுக்கும் அதுவே சான்று.

இன்று நேர எல்லை கிடையாது. பல மைக்குகளை மண்டபத்தின் பல இடங்களில் வைத்து, தாளமும் காலடியும் கல்லின் எதிரொலியுமாக, காட்சியோடு மணிக்கணக்கில் பதிவு செய்யலாம். பரம்பரையாக இக்கலையைக் காத்துவரும் குடும்பங்களோ மிகச் சில. அவர்களும் கோயில் மரபும் இசைந்தால், வெட்டாமல், ஒட்டாமல், முழு இரவையும் அப்படியே பதிவு செய்து வைப்பதே செய்யத்தக்கது.